அயர்ச்சியால் முறியக்கூடிய ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் பாகங்களை மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகள்

ஹெலிகாப்டரின் எஞ்சின் வானில் நின்றுவிட்டாலும் விமானிக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றாலேயே ரோட்டரைச் சுழலவிட்டு, ஆட்டோரொட்டேஷன் முறையில் அவர் தரையிறங்கிவிடலாம். ஆனால் மெயின் கியர்பாக்ஸுக்குள் ஒரு பற்சக்கரம் பிளந்து, அதனால் ரோட்டரே கழன்றுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டூரோய் தீவருகே நடந்தது அதுதான். எண்ணெய்க்கிணற்று மேடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இசி225 சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் இரண்டாம் கட்டப் பிளானட் கியர் (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிவரும் சிறு பற்சக்கரம்) ஒன்று அயர்ச்சி விரிசலால் பிளந்ததில் ரோட்டர் தனியே பிரிந்து போயிற்று. உள்ளே இருந்த 13 பேரும் இறந்தனர்.

விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பை முடித்து ஹேங்கருக்குள் நுழைபவர்களையும், டிரான்ஸ்மிஷன் வேலையில் உதவியாளராக நிற்பவர்களையும் மனத்தில் வைத்து இந்த விதிகள் எழுதப்படுகின்றன. உங்கள் ஹெலிகாப்டரின் நடப்புப் பதிப்புப் பராமரிப்புக் கையேட்டுக்கு இவை மாற்று அல்ல. கையேடு ஒன்று சொல்லி, இங்கே வேறொன்று சொல்லப்பட்டிருப்பதாகத் தோன்றினால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

அயர்ச்சி எங்கே தொடங்குகிறது

சூப்பர் பூமாவின் எஞ்சினிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 23,000 சுற்று வேகத்தில் வரும் சுழற்சியைக் கியர்பாக்ஸ் பல கட்டங்களாகக் குறைத்து, ரோட்டருக்கு 265 சுற்றாகத் தருகிறது. அந்தத் தொடரிலேயே மிக மெதுவாகச் சுழலும் ரோட்டர் தண்டுகூட 1,000 பறப்பு மணிகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான சுற்றுகளைக் கடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. உலோகத்தை ஒரே இழுப்பில் முறிக்கத் தேவைப்படும் விசையைவிட மிகக் குறைந்த விசையே இத்தனை கோடி முறை திரும்பத் திரும்ப வரும்போது ஒரு நுண்விரிசலைத் திறந்து, மெல்ல மெல்ல வளர்த்துவிடும். இதுதான் உலோக அயர்ச்சி.

அந்த விரிசல் பெரும்பாலும் ஒரு வடுவிலிருந்தே கிளம்புகிறது. அது துருக்குழியாக இருக்கலாம், கருவி பட்ட கீறலாக இருக்கலாம், இரண்டு பரப்புகள் உரசியதால் வந்த தேய்மானமாகவும் இருக்கலாம். 2012 மே மாதத்திலும் அக்டோபரிலும் வடகடலில் இரண்டு இசி225 ஹெலிகாப்டர்கள் அவசரமாகக் கடலில் இறங்க நேர்ந்தது. இரண்டிலும் எண்ணெய்ப் பம்புகளை ஓட்டும் செங்குத்துத் தண்டு, பற்றவைப்பை ஒட்டிய பகுதியில் அயர்ச்சியால் முறிந்திருந்தது. விரிசல் தொடங்கிய இடத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுக்குச் சிறிய துருக்குழிகள் இருந்தன. நல்லவேளையாக அவ்விரு முறையும் எல்லோரும் உயிர் பிழைத்தனர்.

ஆகவே பாகத்தை மாற்றும் வேலையை, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலையாக மட்டும் பார்க்கக் கூடாது. புதிய பாகம் எத்தனை காலம் உழைக்கும் என்பதில், தொழிற்சாலைக்கு உள்ள பங்கோடு, அதைப் பொருத்துகிறவரின் கைக்கும் ஒரு பங்கு உண்டு. கீழே வரும் விதிகள் எல்லாம் இந்த ஒன்றை ஒட்டியே வருகின்றன.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்

முதலில் எடுக்க வேண்டியது லாக் கார்டு, அதாவது பாகம் ஓடிய வரலாற்றைப் பதியும் அட்டை. ஆயுள் வரம்புள்ள பாகங்களின் பட்டியல் பராமரிப்புக் கையேட்டின் வான்தகுதி வரம்புகள் பகுதியில் இருக்கும். ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சீரமைத்தல்) இடைவெளிக்குச் சில இடங்களில் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலோடு நீட்டிப்புக் கிடைக்கலாம். வான்தகுதி வரம்பு அப்படிப்பட்டது அல்ல. அந்த எண்ணை எட்டியதும், பார்ப்பதற்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும், பாகத்தைக் கழற்றியே ஆக வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பாகத்தை எறிவது வீண் என்ற வாதத்தை எந்த ஹேங்கரிலும் கேட்கலாம். ஆனால் அயர்ச்சி விரிசல் பலசமயம் தன் காலத்தின் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமலேயே கழிக்கிறது என்பதால்தான் அந்த வரம்பு பார்வையை நம்பாமல் கணக்கை நம்பி வைக்கப்பட்டிருக்கிறது.

கணக்கு பறப்பு மணிகளில் மட்டும் இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பெல் 205, 212 போன்ற வகைகளின் மெயின் ரோட்டர் மாஸ்டுக்கு (ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் தண்டுக்கு) மணிக்கணக்கோடு சேர்த்து, ஓய்வுக் குறியீட்டு எண் என்ற இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு தரை எழும்புதலும், வெளியே சுமை தொங்கவிட்டுத் தூக்கும் ஒவ்வொரு தூக்கலும் அதில் ஏறும். மரம் தூக்கும் வேலையில் ஒரே மணி நேரத்தில் பலமுறை சுமை ஏற்றி இறக்கும் ஹெலிகாப்டரும், நேராகப் பறந்து திரும்பும் ஹெலிகாப்டரும் மணிக்கணக்கில் சமமாக இருந்தாலும் அவற்றின் மாஸ்டுகள் பட்ட பாடு சமமல்ல. தூக்கல்கள் சரியாகப் பதிவாகவில்லை என்ற ஐயம் வந்தால், கூடுதலாக நடந்திருக்கலாம் என்ற பக்கமே கணக்கிட்டு, முடிவைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

புதிய பாகத்தின் பெட்டியைத் திறந்ததும் பாக எண், அதன் இறுதியில் சிறுகோட்டுக்குப் பின் வரும் கோட்டெண், வரிசை எண் ஆகிய மூன்றையும் பாகத்தின் மேலேயே பார்த்து, வெளியீட்டுச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும்; பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் பார்த்து எழுதக் கூடாது. இந்தியாவில் இந்தச் சான்றிதழ் சி.ஏ. படிவம் 1, ஐரோப்பாவிலிருந்து வந்தால் ஈ.ஏ.எஸ்.ஏ. படிவம் 1, அமெரிக்காவிலிருந்து வந்தால் எஃப்.ஏ.ஏ. 8130-3. கோட்டெண் ஒன்று மாறினாலே ஆயுள் வரம்பும் மாறக்கூடும். ஏற்கெனவே ஓடிய பாகம் என்றால், அது பிறந்த நாள் முதல் எந்தெந்த ஹெலிகாப்டரில் எத்தனை மணி ஓடியது என்ற தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஓராண்டுக் கணக்கு காணவில்லை என்றால் பாகத்தைத் தனிமைப்படுத்தி, பொருத்தத் தகாதது என்று அட்டை கட்டிவிடுங்கள். அன்றே பறந்தாக வேண்டும் என்று மேலிருந்து எவ்வளவு அழுத்தம் வந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

பாகம் வழியில் என்ன பட்டது என்பதும் அதன் வரலாற்றில் சேர்ந்ததுதான். டூரோய் விபத்தில் சிக்கிய கியர்பாக்ஸ், அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் சாலை வழியே கொண்டுசெல்லப்பட்டபோது ஒரு சாலை விபத்துக்கு உள்ளாகி, தயாரிப்பாளரால் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பணிக்கு வந்தது. அந்த அடிக்கும் பின்னர் வந்த விரிசலுக்கும் தொடர்பு இருந்ததாக நார்வே விசாரணை நிறுவவில்லை. ஆனாலும் பெட்டி நசுங்கியிருந்தாலோ, ஒரு பேரிங் மேசையிலிருந்து தரையில் விழுந்திருந்தாலோ அதை மறைக்காமல் எழுதி வைப்பது கட்டாயம். விழுந்த பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யும் பழக்கம் ஆபத்தானது. உருளை பட்ட நுண்ணிய தழும்பு விரலுக்குத் தெரியாது.

கழற்றும்போதும் துடைக்கும்போதும்

கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொரு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), ஸ்பேசர், வாஷரின் இடத்தையும் குறித்து, தனித்தனிப் பையில் போட்டு அட்டை கட்டுங்கள். உரசும் பரப்புகளைத் துடைப்பதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எஃகில் செம்பழுப்புப் பொடியும் அலுமினியத்தில் கறுப்புப் பொடியும் படிந்திருந்தால் அங்கே இரண்டு பரப்புகளும் நுண்ணளவில் அசைந்திருக்கின்றன, அதாவது அந்த இணைப்பு தளர்ந்திருந்தது என்று பொருள். துணியால் ஒரு துடை துடைத்துவிட்டால் அந்தச் சான்று போயிற்று. ஆகவே முதலில் புகைப்படம், பிறகே துணி.

பேரிங், பற்சக்கரம் ஆகியவற்றின் வெற்று எஃகுப் பரப்பை வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வையின் உப்பு, கடலோர ஈரக்காற்றில், ஓரிரு நாளிலேயே கைரேகை வடிவத்திலேயே துருவாக எழுந்து நிற்கும். நார் உதிராத கையுறை, நார் உதிராத துணி, வேலை நிற்கும் நேரமெல்லாம் எண்ணெய்ப் பூச்சும் மூடியும் வேண்டும். திறந்த கியர்பாக்ஸின் வாய் மூடியில்லாமல் ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது. வேலை தொடங்கும்போதும் மூடும்போதும் கருவிகளையும் சிறு பாகங்களையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

எழுத்தாணியாலோ அதிர்வு எழுதுகோலாலோ பாகத்தின் மேல் எண் பொறிக்க வேண்டாம். கையேடு அனுமதித்த மையால், அனுமதித்த இடத்தில் மட்டும் குறியிடுங்கள். சிறு கீறல்தானே என்று எமரித்தாள் போட்டு மெருகேற்றுவதும் தவறு. எந்தப் பரப்பில், எவ்வளவு ஆழம் வரை, எந்தத் திசையில் தேய்த்துச் சீராக்கலாம் என்பதைக் கையேடு சொல்லும். சொல்லாத இடத்தில் உரிமை இல்லை. காட்மியம் பூசிய கருவிகளை டைட்டானியம் பாகங்களில் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் காட்மியத் தொடர்பு டைட்டானியத்தை நொறுங்கத்தக்கதாக்கிவிடும்.

விரிசல் சோதனைக்கு அனுப்பும் முன் மணல் வீச்சால் சுத்தம் செய்தால் விரிசலின் வாய் அடைபட்டு, ஊடுருவு சாயம் உள்ளே போகாமல், இருக்கும் விரிசல் இல்லாததாகிவிடும். காந்தத்துகள் சோதனை முடிந்த எஃகுப் பாகத்தைக் காந்தநீக்கம் செய்யாமல் பொருத்துவது இன்னொரு தவறு. காந்தம் மிச்சமுள்ள பற்சக்கரம் சில்லுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் வரும் உலோகச் சில்லுகளைப் பிடித்து எச்சரிக்க வேண்டிய சிப் டிடெக்டருக்கு அவை போய்ச் சேராது.

இறுக்கம்

2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கடலில் விழுந்த சிகோர்ஸ்கி எஸ்-92ஏ ஹெலிகாப்டரில் பற்சக்கரம் எதுவும் முதலில் உடையவில்லை. மெயின் கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டிக் கிண்ணத்தைப் பிடித்திருந்த மூன்று டைட்டானியம் ஸ்டட்களில் (தலையில்லாத மரையாணிகளில்) இரண்டு முறிந்தன. எண்ணெய் முழுதும் கொட்டிப்போய், பின்ரோட்டருக்கான இயக்கம் அறுந்து, இருந்த 18 பேரில் 17 பேர் இறந்தனர். ஸ்டட்கள் முறிந்ததற்குக் காரணமாகக் கனடா போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டதை ஒவ்வொரு மெக்கானிக்கும் கவனிக்க வேண்டும். வடிகட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்றி மாட்டியதில் ஸ்டட்டின் மரையில் உலோகம் ஒட்டிப் பிய்ந்தது. அதனால் டார்க் ரெஞ்ச் (முறுக்கத்தை அளந்து இறுக்கும் கருவி) உரிய எண்ணைக் காட்டியும் அந்த விசையின் பெரும்பகுதி உராய்விலேயே போய், ஸ்டட்டில் முன்னிழுவிசை, அதாவது இறுக்கும்போது அதற்குள் உண்டாகும் இழுப்பு, குறைந்தது.

முன்னிழுவிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று நின்று புரிந்துகொள்வது நல்லது. போதுமான அளவு இறுக்கிய இணைப்பில், வெளியிலிருந்து வரும் ஏற்ற இறக்க விசையின் பெரும்பகுதியை இறுகப் பிணைந்த பரப்புகளே வாங்கிக்கொள்ளும். போல்ட்டுக்குள் அந்த அலைவின் சிறு பங்கே போகும். இறுக்கம் குறைந்து பரப்புகள் விலகத் தொடங்கினால் அலைவு முழுவதும் போல்ட்டின் மேலேயே விழும். எனவே போல்ட் பலமற்றதாக இருந்து முறிவதைவிட, தளர்ந்திருந்து அயர்ச்சியால் முறிவதே அதிகம். ஒன்று முறிந்ததும் அதன் சுமை பக்கத்திலுள்ளதற்குப் போகிறது.

இதிலிருந்து வரும் விதிகள் பல. பழைய சுயபூட்டு நட்டை மறுபடி பயன்படுத்தலாம் என்று கையேடு வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் புதியதையே போடுங்கள். சொன்னாலும், அதன் ஓடு முறுக்கத்தை (இறுகத் தொடங்கும் முன் நட்டைத் திருகவே தேவைப்படும் முறுக்கத்தை) அளந்து, குறைந்தபட்ச அளவு இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் திருகியே கடைசி வரை போகும் சுயபூட்டு நட் குப்பைக்குப் போக வேண்டியது. ஓடு முறுக்கத்தை இறுதி முறுக்கத்தோடு கூட்ட வேண்டுமா, அது ஏற்கெனவே சேர்க்கப்பட்டதா என்பது கையேட்டுக்குக் கையேடு வேறுபடும் என்பதால், பழைய ஹெலிகாப்டரின் பழக்கத்தைப் புதியதற்குக் கொண்டுவர வேண்டாம். மரைக்கு எண்ணெய் வேண்டுமா, உலர்ந்திருக்க வேண்டுமா என்பதும் அப்படித்தான். உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கத்தை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

இடுக்கான இடத்தில் ரெஞ்சின் முனையில் நீட்டிப்பு மாட்டினால் கணக்கு மாறும். 300 அங்குல-பவுண்டு முறுக்கம் வேண்டும், ரெஞ்சின் நீளம் 15 அங்குலம், நேர்க்கோட்டில் மாட்டிய நீட்டிப்பு 3 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 300-ஐ 15-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும். ரெஞ்சில் வைக்க வேண்டிய எண் 250. இதை மறந்து 300-லேயே வைத்தால் நட்டுக்குப் போவது 360. நீட்டிப்பைச் செங்கோணத்தில் மாட்டினால் இந்தத் திருத்தம் தேவையில்லை. ரெஞ்சின் அளவுத்திருத்தத் தேதியையும், வேலைப்படிவத்தில் அதன் வரிசை எண்ணையும் எழுதுங்கள். பின்னர் அந்த ரெஞ்ச் பிழையானது என்று தெரிந்தால் அது தொட்ட போல்ட்களைத் தேடிப் போக வேறு வழியில்லை.

இறுக்கி முடித்ததும் லாக் ஒயர் (நட் தளராமல் கட்டும் கம்பி) அல்லது கையேடு சொன்ன பூட்டு, பிறகு நட்டிலிருந்து உடல் வரை ஒரு வண்ணக்கோடு. காட்டர் பின்னும் லாக் ஒயரும் ஒருமுறைக்கு மட்டுமே. பின்ரோட்டர் இயக்கத் தண்டின் நெகிழ்தகட்டு இணைப்புகளில் வாஷர்களின் வரிசையும் எந்தப் பக்கம் எதை நோக்கி இருக்க வேண்டும் என்பதும் அற்பமாகத் தோன்றும். ஆனால் கூர்விளிம்புப் பக்கம் தகட்டின் மேல் உட்கார்ந்தால், தகடு வளையும் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் வெட்டு விழுந்துகொண்டிருக்கும்.

எஸ்-92 விவகாரத்தில் இன்னொரு பாடம் கால அவகாசம் பற்றியது. 2008 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் அதே வகை ஹெலிகாப்டரில் அதே ஸ்டட்கள் முறிந்து, அது பத்திரமாகத் தரையிறங்கியிருந்தது. எஃகு ஸ்டட்களாக மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர் 2009 ஜனவரியில் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குத் தந்த அவகாசம் 1,250 பறப்பு மணி அல்லது ஓராண்டு. விபத்துக்குப் பிறகு, மார்ச் 23 அன்று, அடுத்த பறப்புக்கு முன்பே மாற்ற வேண்டும் என்ற அவசர ஆணை அமெரிக்காவில் வந்தது. அதோடு, ஸ்டட்களைக் கூர்ந்து சோதிக்கும்படி திருத்தப்பட்டிருந்த கையேட்டு நடைமுறையும் அந்த ஹெலிகாப்டரில் சரிவர நிறைவேற்றப்படவில்லை. எனவே சர்வீஸ் புல்லட்டின் எனப்படும் இத்தகைய சுற்றறிக்கை தரும் அவகாசத்தைக் கடைசி நாள் என்று படியுங்கள், வேலைக்குக் குறித்த நாள் என்று படிக்க வேண்டாம். பாகம் கிடைத்து, ஹெலிகாப்டர் ஹேங்கரில் நிற்கும் முதல் வாய்ப்பிலேயே மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் ஜோடிக் கண்

முக்கியப் பராமரிப்பு வேலைகளுக்குத் தனிச் சோதனை தேவை. சோதிப்பவர் அந்த வேலையில் கை வைக்காதவராக இருக்க வேண்டும். மூடி போடுவதற்கு முன் வந்து பார்க்க வேண்டும். மூடிய பிறகு கேட்டுக் கையொப்பமிடுவது சோதனை ஆகாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாதி இறுக்கிய போல்ட் வரிசை இருந்தால் எதுவரை முடிந்தது என்று வாயால் சொல்லாமல் எழுதுங்கள். அடுத்தவர் ஐயம் கொண்டால் முழு வரிசையையும் தளர்த்தி முதலிலிருந்து தொடங்கட்டும்.

கூம்புப் பற்சக்கரங்கள் பலவும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால், ஒன்றை மட்டும் மாற்ற அனுமதி உண்டா என்று பாருங்கள். பல் தொடும் தடத்தைச் சாயம் பூசிச் சோதித்து, தடம் பல்லின் ஓரத்துக்குப் போயிருந்தால் ஷிம்மைத் திருத்துங்கள். ஓரத்தில் விழும் சுமை பல்லின் அடியில் விரிசலை விதைக்கும்.

சில்லுகளை என்ன செய்வது

2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் நகருக்கு அப்பால் விழுந்த ஏஎஸ்332 எல்2 சூப்பர் பூமாவில் 16 பேர் இறந்தனர். விபத்துக்கு 36 பறப்பு மணிகளுக்கு முன், மார்ச் 25 அன்று, அதன் சிப் டிடெக்டரில் ஓர் உலோகத்துகள் கிடைத்திருந்தது. ஹெலிகாப்டரை இயக்கிய நிறுவனமும் தயாரிப்பாளரும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசிக்கொண்டதில் தவறான புரிதல் ஏற்பட்டு, அந்தத் துகள் பிளானட் கியர் சிதையத் தொடங்கியதன் அடையாளம் என்று உணரப்படவில்லை. கியர் தொகுதியைத் திறந்து உள்ளே இருந்த காந்தங்களைப் பார்க்கும் வேலையும் நடக்கவில்லை.

எனவே துகள் கிடைத்தால், நுண்ணிய கறுப்புப் பசையா, தகடு போன்ற பளபளப்பான சில்லா என்று பிரித்து, அளவெடுத்து, புகைப்படத்தோடு எழுத்தில் அனுப்புங்கள். எந்த உலோகம் என்பதை ஆய்வகம் சொல்லட்டும். தொலைபேசியில் பேசினால், நாங்கள் இன்ன வேலையைச் செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டோம், சரிதானா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வரும் வரை ஹெலிகாப்டரைப் பறக்க விடாதீர்கள். துகளைத் துடைத்துவிட்டு, மறுபடி வந்தால் பார்ப்போம் என்பது, கையேடு அந்த வகைத் துகளுக்கு அப்படியே அனுமதித்திருந்தால் ஒழிய, கூடவே கூடாது.

துகள் வரவில்லை என்பதும் முழு ஆறுதல் தராது. டூரோய் ஹெலிகாப்டரின் விரிசல் மேற்பரப்பின் நுண்குழியில் தொடங்கி உலோகத்தின் உட்புறமாகவே வளர்ந்ததால், எச்சரிக்கை எழுப்பும் அளவுக்குச் சில்லுகள் உதிரவில்லை. அதிர்வைக் கண்காணிக்கும் கருவியும் அதைக் காட்டவில்லை. ஆயுள் வரம்பைச் சில்லும் அதிர்வும் ஈடுகட்டும் என்று எண்ண முடியாததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மாற்றிய பிறகு வரும் முதல் மணிகள்

பழைய கியர்பாக்ஸில் ஏதேனும் உடைந்திருந்தால் எண்ணெய்க் குளிர்விப்பானையும் குழாய்களையும் கழுவாமல் புதியதை இணைக்கக் கூடாது. அவற்றில் தங்கிய சில்லுகள் புதிய பேரிங்குக்குள் போகும். எண்ணெயின் வகையும் தரக்குறியும் கையேட்டில் உள்ளதாகவே இருக்கட்டும். தரையில் ஓட்டிப் பார்த்து, கசிவு, அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்து, வடிகட்டியையும் சிப் டிடெக்டரையும் எடுத்துப் பார்த்த பிறகே சோதனைப் பறப்பு. கையேடு குறிப்பிட்ட மணிகளில் முறுக்கத்தை மறுபடி சரிபார்க்கும்போது வண்ணக்கோடு விலகியிருந்தால், சும்மா இறுக்கிவிட்டுப் போகாமல் ஏன் விலகியது என்று தேடுங்கள். அதிர்வுக் கண்காணிப்பு உள்ள ஹெலிகாப்டரில், பழைய கியர்பாக்ஸின் தரவிலிருந்து கற்ற எல்லைகளை நீக்கிப் புதியதற்கான அடிப்படையைப் பதிய வேண்டும்.

கழற்றிய பாகம்

டூரோய் விசாரணை வெளிப்படுத்திய செய்திகளில் ஒன்று, பிளானட் கியர்களில் மிகச் சிலவே குறித்த ஆயுளை எட்டின என்பது. மற்றவை இடையிலேயே குறை கண்டு நீக்கப்பட்டன. அப்படி நீக்கியவற்றை எடுத்து, சேதத்தின் முழு இயல்பையும் அறியும் முறையான ஆய்வு நடக்கவில்லை. ஆகையால் ஆயுள் முடியும் முன்பே நீக்கப்பட்ட பாகத்தைத் துடைத்துப் பளபளப்பாக்காமல், அதன் எண்ணெயோடும் சில்லுகளோடும், நீக்கிய காரணத்தைத் தெளிவாக எழுதிய அட்டையோடும் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். அட்டையில் பழுது என்று ஒற்றைச் சொல் எழுதுவதைவிட, எந்தப் பல்லில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிய குழி என்று எழுதினால் ஆய்வு செய்பவருக்குப் பயன்படும்.

ஆயுள் முடிந்த பாகம் மறுபடி யாருடைய ஹெலிகாப்டரிலும் ஏறாதபடி பார்த்துக்கொள்வதும் மாற்றியவரின் பொறுப்பு. அமெரிக்க விமான விதித்தொகுப்பின் 43.10-ஆம் பிரிவு அதற்கு ஏற்கத்தக்க வழிகளைச் சொல்கிறது: அட்டை கட்டுதல், குறியிடுதல், பூட்டிய இடத்தில் பிரித்து வைத்தல், பழுதுபார்த்துப் பயன்படுத்த முடியாதபடி சிதைத்தல் ஆகியவை அவற்றில் சில. இவற்றில் கடைசி வழியே நம்பகமானது. பழைய இரும்பு வியாபாரிக்கு முழுதாகப் போன பாகம், சுத்தம் செய்யப்பட்டு, போலித் தாளோடு திரும்பி வரும் ஆபத்தை உலகெங்கும் உள்ள ஒழுங்குமுறை அமைப்புகள் எச்சரித்தே வருகின்றன. துளையிட்டால் மட்டும் போதாது, வண்ணம் பூசினாலும் போதாது. பற்களின் குறுக்கே, தண்டின் நடுவே, வரிசை எண் உள்ள இடத்தின் ஊடாக வெட்ட வேண்டும். வெட்டியதைப் புகைப்படமெடுத்து, அந்த வரிசை எண்ணுக்கான பதிவை லாக் கார்டில் சிவப்பு மையால் முடித்து, வெட்டியவரும் பார்த்தவரும் கையொப்பமிட்ட பிறகுதான் வேலைப்படிவத்தை முடிக்கலாம்.